கொடுப்பது குறைந்தும் ஏறும் டோல்: பென்சில்வேனியா டர்ன்பைக்கின் கடன் கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற நெடுஞ்சாலையில் 2009 தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை சுங்கக் கட்டணம் ஏறிவருகிறது. ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. 2025இல் 4 சதவீதம், 2026இல் மறுபடியும் 4 சதவீதம். ஏன் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், "டோல் காசை எடுத்து மாநில அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கொடுக்கிறது" என்பது. பதில் தப்பில்லை, ஆனால் காலாவதியாகிவிட்டது. ஆண்டுக்கு 45 கோடி டாலராக இருந்த அந்தப் பங்களிப்பு 2022 ஜூலையோடு 5 கோடியாகச் சுருங்கிவிட்டது.

கொடுக்க வேண்டிய பணம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்த பிறகும் கட்டணம் ஏறிக்கொண்டே இருப்பது எப்படி? இதைப் புரிந்துகொள்ள டோல் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நியூ ஜெர்சி, பிலடெல்பியா பக்கத்துத் தமிழர்கள் பலருக்கு இது வெறும் செய்தியும் இல்லை. 1976இல் எழுந்த பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்குக் காரில் கிளம்பினால் பெரும்பாலான தூரம் இந்த டர்ன்பைக்தான்.

டோலும் வரியும்

சாலைக்குப் பணம் திரட்ட அமெரிக்காவில் இரண்டு பிரதான வழிகள் உண்டு. ஒன்று பெட்ரோல், டீசல் மீதான வரி. பம்ப்பில் நிரப்பும்போதே விலையோடு சேர்ந்து போய்விடும். எந்தச் சாலையில் ஓட்டினாலும் ஒன்றுதான். மற்றொன்று டோல். குறிப்பிட்ட ஒரு சாலையில் போகிறவர் மட்டும், போகிற தூரத்துக்கும் வாகனத்தின் வகைக்கும் ஏற்பக் கொடுப்பது.

டோல் சாலையைப் பெரும்பாலும் மாநில அரசு நேராக நடத்துவதில்லை. அதற்கென்று ஒரு தனி வாரியமோ கமிஷனோ இருக்கும். அந்த அமைப்பு கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டும். பத்திரம் வாங்கியவர்களுக்கு அது கொடுக்கும் உறுதி: "வரப்போகும் டோல் வசூலிலிருந்து உங்கள் அசலையும் வட்டியையும் கட்டுவோம், வசூல் போதாவிட்டால் கட்டணத்தை உயர்த்துவோம்." இந்தக் கடைசி வரி முக்கியம். கட்டணத்தை உயர்த்துவது கமிஷனின் விருப்பம் மட்டும் அல்ல, பத்திர ஒப்பந்தப்படி அதன் கடமையும்கூட.

பெட்ரோல் வரி வரவரத் தேய்ந்துகொண்டே வருகிறது. மத்திய அரசின் பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட்; 1993க்குப் பிறகு அது மாறவே இல்லை. இடையில் சிமென்ட், தார், கூலி எல்லாம் ஏறிவிட்டன. கார்களோ ஒரு கேலனில் முன்னைவிட அதிக தூரம் ஓடுகின்றன; மின்சாரக் கார் பம்ப் பக்கமே வருவதில்லை. விழுந்த பள்ளத்தை நிரப்ப மாநிலங்கள் வேறு பணம் தேடும்போது கண் முதலில் போவது டோல் மேல். சட்டசபை உறுப்பினர்களுக்கு அது பிடித்துப்போவதற்குக் காரணங்கள் உண்டு:

1. வரியை உயர்த்த அவர்கள் கையைத் தூக்கி வாக்களிக்க வேண்டும். டோலை உயர்த்துவது கமிஷன் கூட்டத்தில் முடிந்துவிடும்.
2. நெடுஞ்சாலையில் ஓடும் லாரியும் காரும் கணிசமாக வெளி மாநிலத்தவை. அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது.
3. கமிஷன் வாங்கும் கடன் மாநிலத்தின் கடன் கணக்கில் ஏறாது.

மூன்றாவதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பென்சில்வேனியாவில் வினை முளைத்தது அதில்தான்.

கடன் தீர்ந்ததும் இலவசம் என்று தொடங்கிய சாலை

டர்ன்பைக் 1940 அக்டோபர் 1 அன்று திறந்தது. கார்லைலிலிருந்து இர்வின் வரை 160 மைல். 1880களில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையின் சுரங்கங்களைப் பயன்படுத்தி, அப்பலாச்சியன் மலைகளைக் குடைந்துகொண்டு போன இந்தச் சாலையை அமெரிக்காவின் முதல் அதிவேக நெடுஞ்சாலை என்பார்கள். காருக்குக் கட்டணம் மைலுக்கு ஒரு சென்ட். கட்ட வாங்கிய கடன் தீர்ந்ததும் டோலை எடுத்துவிட்டு, சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைப்பது என்பது மூல ஏற்பாடு. அப்புறம் சாலை கிழக்கே நியூ ஜெர்சி எல்லைக்கும் மேற்கே ஒஹாயோ எல்லைக்கும் நீண்டது. வடக்கே ஒரு கிளையும் போட்டார்கள். கடனும் கூடவே நீண்டது. முக்கியப் பாதை மட்டும் இன்று சுமார் 360 மைல்.

1956இல் மத்திய அரசு மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளைக் கட்டத் தொடங்கியபோது செலவில் 90 சதவீதத்தைத் தானே ஏற்றது. அப்படிக் கட்டிய சாலையில் டோல் கூடாது என்பது நிபந்தனை. டர்ன்பைக் அதற்கு முன்பே இருந்ததால் தப்பித்தது. டோல் சாலையோடு நேரடி இணைப்புக் கட்டக்கூட மத்தியப் பணம் கிடைக்காத காலம் அது. ப்ரீஸ்வுட் என்ற ஊரில் இன்டர்ஸ்டேட் 70இலிருந்து டர்ன்பைக்குக்குப் போகிறவர்கள் இன்றும் பெட்ரோல் பங்க், ஹோட்டல்களுக்கு நடுவே சிக்னலில் நின்று நின்று போவது அந்த விதியின் மிச்சம்.

2007: சட்டம் 44

2006இல் மாநிலம் அமைத்த ஓர் ஆய்வுக் குழு, சாலை, பாலம், பொதுப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்குக் கூடுதலாக 170 கோடி டாலர் வேண்டும் என்று சொன்னது. பிலடெல்பியாவில் பஸ், ரயில் ஓட்டும் செப்டா, பிட்ஸ்பர்க்கின் பஸ் நிறுவனம் இரண்டும் பற்றாக்குறையில் தள்ளாடின. அன்றைய ஆளுநர் எட் ரெண்டல் டர்ன்பைக்கைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம் என்றார். சட்டசபைக்கு அது பிடிக்கவில்லை.

சட்டசபை கண்டுபிடித்த மாற்று வழி 2007 ஜூலையில் சட்டம் 44 ஆனது. சாரம் இவ்வளவுதான்: மாநிலத்தின் வடபகுதியில் 311 மைல் இலவசமாக ஓடும் இன்டர்ஸ்டேட் 80ஐ டர்ன்பைக் கமிஷன் 50 ஆண்டு குத்தகைக்கு எடுத்து டோல் போடும். அதற்குப் பதிலாக மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு முதல் ஆண்டு 75 கோடி, இரண்டாம் ஆண்டு 85 கோடி, மூன்றாம் ஆண்டு 90 கோடி டாலர் கொடுக்கும். பிறகு ஆண்டுக்கு 2.5 சதவீதம் கூடும். அந்தப் பணம் மற்ற சாலைகளுக்கும் பாலங்களுக்கும் ஒரு பங்கு, பஸ் ரயிலுக்கு ஒரு பங்கு எனப் பிரியும்.

சிக்கல் என்னவென்றால் இன்டர்ஸ்டேட் 80இல் டோல் போட மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வரும் முன்பே பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கிருந்து? கடன் வாங்கி.

2008 செப்டம்பரில் மத்திய அரசு மறுத்தது. மறுபடி விண்ணப்பித்தார்கள், 2010 ஏப்ரலில் மறுபடி மறுப்பு. காரணம் நியாயமானது. பழைய இன்டர்ஸ்டேட்டில் டோல் போட அனுமதிக்கும் திட்டத்தின் விதிப்படி அந்த வசூல் அந்தச் சாலைக்கே செலவாக வேண்டும். குத்தகைத் தொகை என்ற பெயரில் அதை வேறு இடங்களுக்குக் கொண்டுபோவதுதான் பென்சில்வேனியாவின் திட்டம் என்பது விண்ணப்பத்திலேயே தெரிந்தது. இதற்கு நடுவே, 2008இல் ஒரு ஸ்பானிஷ் நிறுவனமும் சிட்டிகுழுமமும் சேர்ந்து 75 ஆண்டு குத்தகைக்கு 1,280 கோடி டாலர் தர முன்வந்ததும் சட்டசபை முடிவெடுக்காமல் இழுத்ததில் காலாவதியானது.

இன்டர்ஸ்டேட் 80 கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று சட்டம் 44இலேயே எழுதியிருந்தது. கமிஷன் ஆண்டுக்கு 45 கோடி கொடுத்தால் போதும். அதாவது, இரண்டு சாலையில் வசூலித்துக் கொடுக்க வேண்டியதில் பாதியை ஒரே சாலையில் வசூலித்துக் கொடு. அந்த ஒரு சாலை டர்ன்பைக்.

2007-08 முதல் 2021-22 வரை கணக்குப் போட்டால்: 75 + 85 + 90, பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 45 வீதம் 540. மொத்தம் 790 கோடி டாலர்.

பெட்ரோல் வரியை ஏன் தொடவில்லை?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பஸ்ஸுக்குப் பணம் வேண்டுமென்றால் பெட்ரோல் வரியைக் கூட்டியிருக்கலாமே? டர்ன்பைக்கில் போகிறவர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

கூட்டியிருந்தாலும் பஸ்ஸுக்குப் போயிருக்காது. பென்சில்வேனியா அரசியல் சாசனத்தின் எட்டாவது பிரிவில் ஒரு பூட்டு இருக்கிறது: எரிபொருள் வரி வருமானத்தைப் பொதுச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் மட்டுமே செலவிடலாம். செப்டாவுக்குப் புது ரயில் பெட்டி வாங்க அந்தப் பணத்தைத் தொட முடியாது. டோலுக்கு அந்தப் பூட்டு போடப்படவில்லை. ஆக, சாலைப் பயணிகளிடமிருந்து பஸ், ரயிலுக்குப் பணம் கொண்டுபோகச் சட்டப்படி திறந்திருந்த கதவு டர்ன்பைக் ஒன்றுதான்.

2013இல் ஆளுநர் டாம் கார்பெட் கையெழுத்திட்ட சட்டம் 89 இதைத் தெளிவாகவே பிரித்தது. எரிபொருள் வரி உயர்ந்தது, அது சாலைக்கு. டர்ன்பைக்கின் 45 கோடி 2014 ஜூலையிலிருந்து ஏறக்குறைய முழுவதும் பொதுப் போக்குவரத்துக்கு. அதே சட்டம்தான் 2022இலிருந்து அந்த 45 கோடியை 5 கோடியாகக் குறைக்கும் தேதியையும் எழுதி வைத்தது. அந்த 5 கோடி 2057 வரை தொடரும்.

தவணைக் கணக்கு

இனி மூலக் கேள்விக்கு வரலாம். கமிஷன் 45 கோடியை வசூலிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால், 2022இல் சுமை இறங்கிய அன்றே டோலும் நின்றிருக்கலாம். ஆனால் தன் சாலையைப் பராமரித்து, பழைய கடனுக்கும் கட்டிய பிறகு கையில் அவ்வளவு பணம் மிஞ்சவில்லை. அதனால் கொடுத்ததில் பெரும்பகுதி புதுக் கடன்.

புரிவதற்கு வசதியாக ஒரு மாதிரிக் கணக்கு. இது கமிஷனின் உண்மையான கணக்குப் புத்தகம் அல்ல. வட்டி 5 சதவீதம், 30 ஆண்டு சமத் தவணை என்று வைத்துக்கொண்டு போட்டது.

1. முதல் ஆண்டு 45 கோடி கடன் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அதற்கு ஆண்டுத் தவணை சுமார் 2.9 கோடி. பெரிய சுமையாகத் தெரியாது. டோலைக் கொஞ்சம் ஏற்றினால் சமாளித்துவிடலாம்.
2. இரண்டாம் ஆண்டு இன்னொரு 45 கோடி. தவணை இரண்டு சேர்ந்து 5.8 கோடி. மறுபடி டோல் ஏற வேண்டும்.
3. இப்படிப் பன்னிரண்டு ஆண்டு. பன்னிரண்டு கடன்களின் தவணையும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 35 கோடி.
4. பதின்மூன்றாம் ஆண்டு கொடுப்பது நிற்கிறது. 35 கோடி தவணை நிற்பதில்லை. முதல் கடன் தீரவே இன்னும் பதினெட்டு ஆண்டு. கடைசிக் கடன் தீர இருபத்தொன்பது ஆண்டு.

ஒவ்வொரு 45 கோடிக்கும் 30 ஆண்டில் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 88 கோடி. 2022இல் நின்றது கடன் வாங்குவது. கடன் கட்டுவது அப்போதுதான் உச்சத்துக்கு வருகிறது. இதுதான் விடை. கமிஷனின் நிதித் திட்டம் 2050 வரை ஆண்டுதோறும் கட்டண உயர்வை வைத்தே போடப்பட்டிருப்பதும் இதனால்தான்.

உண்மைக் கணக்கும் இதே வடிவம்தான். 2009இல் ஒரே அடியாக 25 சதவீதம் ஏறியது. 2016 முதல் 2021 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து 6 சதவீதம். கூட்டு வட்டி மாதிரி ஏறுவதால் அந்த ஆறு ஆண்டில் மட்டும் 42 சதவீதம். கமிஷனின் மொத்தக் கடன் 1,300 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வசூலாகும் டோலில் பாதிக்கும் மேல் கடனுக்கே போகிறது. மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளராக இருந்த யூஜின் டிபாஸ்குவாலே 2016, 2019 தணிக்கைகளில் இது தாங்காது என்றார். அவருக்குப் பின் வந்த டிம் டிஃபோர் 2022இல் கிட்டத்தட்ட அதையே திரும்பச் சொன்னார். முன்னவர் ஜனநாயகக் கட்சி, பின்னவர் குடியரசுக் கட்சி. இந்த ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்கள்.

டோல் பணம் பஸ்ஸுக்குப் போனது தவறு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பிலடெல்பியாவில் ரயில் ஓடாவிட்டால் அந்தக் கூட்டம் காரில் ஏறி, டர்ன்பைக்கின் கிழக்கு முனை உட்பட எல்லாச் சாலையையும் அடைத்துவிடும். ரயிலுக்குக் கொடுப்பதில் கார்க்காரருக்கும் லாபம் உண்டு. என் குறை வேறு. பஸ் மாற்றுவது, தண்டவாளம் பழுது பார்ப்பது போன்ற தேவைகள் ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வருபவை. அப்படித் திரும்பத் திரும்ப வரும் தேவைக்கு முப்பது ஆண்டுக் கடன் வாங்கினால், இந்த ஆண்டுத் தேவையும் கடந்த ஆண்டுகளின் தவணையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். அன்று வரி என்ற பெயரில் கேட்டிருந்தால் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2018 மார்ச்சில் சொந்தமாக லாரி ஓட்டுபவர்களின் தேசியச் சங்கமும் வாகன ஓட்டிகள் சங்கம் ஒன்றும் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. வாதம்: டோல் என்பது சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், அந்தச் செலவுக்கு மேல் வசூலித்து வேறு வேலைக்குச் செலவிடுவது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்குச் சுமை, மக்களின் பயண உரிமைக்கும் எதிரானது. சுமார் 600 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

2019 ஏப்ரலில் வழக்குத் தள்ளுபடியானது. ஆகஸ்டில் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1991ஆம் ஆண்டின் மத்தியப் போக்குவரத்துச் சட்டத்திலேயே, டோல் வருமானத்தை மற்றப் போக்குவரத்துத் தேவைகளுக்கும் பயன்படுத்த மாநில அமைப்புகளுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இடம் கொடுத்திருக்கிறது. காங்கிரஸ் அனுமதித்ததை வணிகச் சுமை என்று சொல்ல முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. இதே தர்க்கத்தில் முந்தைய ஆண்டு நியூயார்க்கிலும் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அங்கே நெடுஞ்சாலை டோல் பழைய கால்வாய்களைப் பராமரிக்கப் போனது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பென்சில்வேனியா வழக்கை விசாரிக்க மறுத்தது.

தீர்ப்பைவிட வழக்கு நடந்த காலம் அதிகம் கற்றுக்கொடுத்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பத்திரம் வெளியிட முடியாமல் 2018 ஜூலையில் கமிஷன் காலாண்டுத் தொகையை நிறுத்தியது. உடனே செப்டா கையில் இருந்த திட்டங்களைத் தள்ளிப்போட்டது. ஒரு மாநிலத்தின் நகர ரயில் மொத்தமும் ஒரு நெடுஞ்சாலைக் கமிஷனுக்குக் கடன் கிடைக்குமா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

சாலையில் தெரியும் விளைவுகள்

பிலடெல்பியா பக்கம் வேலி ஃபோர்ஜ் நுழைவாயிலின் எண் 326. பிட்ஸ்பர்க் கோயிலுக்கு இறங்கும் மன்ரோவில் வாயிலின் எண் 57. எண்கள் மைல்கல்லை வைத்தே கொடுக்கப்பட்டவை என்பதால் கழித்தாலே தூரம் வந்துவிடும்: 269 மைல். கண்ணாடியில் டோலைத் தானாகக் கழித்துக்கொள்ளும் ஈஸி-பாஸ் கருவி ஒட்டியிருந்தால் ஒரு கட்டணம். இல்லாவிட்டால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் வீட்டுக்குத் தபாலில் பில் போகும். அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாடகைக் காரில் போனவர்களுக்கு வாடகை நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து அனுப்பி வயிற்றெரிச்சலைக் கூட்டும்.

இந்த முறை முழுதாக வந்தது 2020 ஜூனில். பணம் வாங்கும் சாவடிகளை 2021 இறுதியில் மூடத் திட்டமிட்டிருந்தவர்கள், கொரோனாவில் வாகனங்கள் சரிந்ததும் முன்கூட்டியே மூடி, சுமார் 500 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பளம் மிச்சமானது, கூடவே ஓட்டையும் விழுந்தது. பில் போய்ச் சேராதது, பிளேட் தெரியாதது, வந்தும் கட்டாதது எல்லாம் சேர்ந்து 2021 மே மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலாகவில்லை. பிறகு 2022இல் சட்டத்தை இறுக்கினார்கள். நான்கு பில் பாக்கி இருந்தாலோ, பாக்கி 250 டாலரைத் தாண்டினாலோ வண்டியின் பதிவை நிறுத்தி வைக்கலாம்.

டோல் ஏற ஏற லாரிகள் வேறு வழி தேடும். வடக்கே இன்டர்ஸ்டேட் 80 இன்னும் இலவசம். பழைய 30, 22 எண் சாலைகள் மலையூர்களின் கடைத்தெரு வழியாகப் போகின்றன. அங்கே தேயும் தாரைச் செப்பனிடுவது மாநிலத்தின் செலவு. டர்ன்பைக்கின் சொந்த வேலைகளும் மெதுவாகின. 1990களின் இறுதியில் தொடங்கிய, சாலையைப் பெயர்த்தெடுத்து ஆறு வழியாகப் புதிதாகக் கட்டும் பணி இன்னும் முடிந்தபாடில்லை.

அண்டை மாநிலங்களில்

சிகாகோவிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரி இந்தியானா, ஒஹாயோ, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களின் டோல் சாலைகளிலும் வரிசையாக வரலாம். மூன்றும் டோலிலிருந்து பிற திட்டங்களுக்குப் பணம் எடுத்தவை. எடுத்த விதம் வேறு வேறு.

இந்தியானா 2006இல் தன் 157 மைல் சாலையை 75 ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்டு 380 கோடி டாலரை மொத்தமாக வாங்கி, மாநிலம் முழுவதும் சாலை போட்டது. எடுத்த நிறுவனம் 2014இல் திவாலானது. அடுத்த ஆண்டு வேறொருவர் வாங்கிக்கொண்டார். மாநிலத்துக்கு நஷ்டம் இல்லை. இதோடு விட்டிருந்தால் சரி. 2018இல் ஆளுநர் எரிக் ஹோல்கம்ப், லாரி டோலை 35 சதவீதம் ஏற்றிக்கொள்ள நிறுவனத்துக்கு அனுமதி தந்து, பதிலுக்கு 100 கோடி டாலர் வாங்கினார். அதில் 60 கோடி இன்டர்ஸ்டேட் 69ஐ விரைவாக முடிக்க. அது போகட்டும். 10 கோடி கிராமப்புற இணைய இணைப்புக்கு, 9 கோடி நடை, சைக்கிள் பாதைகளுக்கு, 2 கோடி வெளிநாட்டுக்கு நேரடி விமானம் வரவழைக்க. லாரிக்காரரின் டோலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. கார்களுக்கு ஏற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். உள்ளூர் வாக்காளர் ஓட்டுவது கார்.

ஒஹாயோ 2013இல் வேறு மாதிரி செய்தது. டர்ன்பைக் வசூலை அடமானமாக வைத்து, ஒரு தடவை பத்திரம் வெளியிட்டு, 93 கோடி டாலரைத் திட்டங்களுக்கு ஒதுக்கியது. தேர்வாகும் திட்டத்துக்கும் டர்ன்பைக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்பது விதி. பணம் பெரும்பாலும் அந்தச் சாலை ஓடும் வட ஒஹாயோவுக்கே போனது. கட்டண உயர்வு ஆண்டுக்கு 2.7 சதவீதம் என்று பத்து ஆண்டுக்கு முன்கூட்டியே அறிவித்தார்கள். ஈஸி-பாஸ் வைத்து 30 மைலுக்குள் ஓட்டும் கார்களுக்கு அந்தப் பத்தாண்டும் உயர்வே கிடையாது. கடன் இங்கேயும் உண்டு. ஆனால் எவ்வளவு, எதற்கு, எதுவரை என்பதற்கு அளவு இருந்தது. மூன்றில் எனக்குக் குறை குறைவாகப் படுவது இதுதான்.

நியூயார்க் நகரமும் இதில் சேரும். அங்கே பாலம், சுரங்கப் பாதைகளின் டோல் 1968 முதல் சப்வேக்கும் புறநகர் ரயிலுக்கும் உதவிவருகிறது. அங்கே போவது உபரி. பாலங்களின் செலவும் கடன் தவணையும் போக மிஞ்சியதைத்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள். பென்சில்வேனியா சட்டத்தில் எழுதியது நிலையான தொகை. மிஞ்சினாலும் மிஞ்சாவிட்டாலும் 45 கோடி. ஒரு வார்த்தை வித்தியாசம், ஆயிரம் கோடிக் கடன்.

ஆகவே எந்த மாநிலத்திலாவது "டோலைக் கொஞ்சம் ஏற்றிப் போக்குவரத்துத் திட்டங்களுக்குத் தருவோம்" என்ற அறிவிப்பு வந்தால் சதவீதத்தைவிட முதலில் பார்க்க வேண்டியவை வேறு:

1. போவது உபரியா, நிலையான தொகையா?
2. வசூலிலிருந்து கொடுக்கிறார்களா, கடன் வாங்கியா? கடன் என்றால் எந்த ஆண்டில் தீரும்?
3. செலவிடப்படும் இடத்துக்கும் டோல் கட்டுபவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
4. எதிர்பார்த்த வருமானம் வராவிட்டால் யார் தலையில் விடியும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா?

நான்காவதற்கு 2007இல் பென்சில்வேனியாவிடம் எழுத்தில் பதில் இருந்தது. டர்ன்பைக் தலையில் என்று.

2022க்குப் பிறகு

டர்ன்பைக் கொடுப்பதை நிறுத்திய பணம் பொதுப் போக்குவரத்துக்கு இல்லாமல் போய்விடவில்லை. சட்டம் 89 ஏற்பாட்டின்படி அது இப்போது வாகன விற்பனை வரியிலிருந்து போகிறது. அந்த வரி முன்பு மாநிலத்தின் பொது நிதிக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம், மருத்துவ உதவி எல்லாம் அதே பொது நிதியில் பங்கு கேட்பவை.

பணம் போதவும் இல்லை. கொரோனா கால மத்திய அரசு உதவி தீர்ந்ததும் செப்டாவுக்கு 2025இல் 21.3 கோடி டாலர் துண்டு விழுந்தது. ஆகஸ்ட் 24 அன்று 32 பஸ் வழித்தடங்களை நிறுத்தினார்கள். எதிர்ப்பும் நீதிமன்ற உத்தரவும் வந்ததும் செப்டம்பரில் திரும்ப ஓட்டினார்கள். அதற்குப் பணம் வந்த வழி: புதுப் பெட்டி, தண்டவாளம், நிலையப் பழுது போன்ற மூலதனச் செலவுக்கு ஒதுக்கியிருந்ததிலிருந்து 39.4 கோடி வரை அன்றாட ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ள ஆளுநர் ஜாஷ் ஷபீரோவின் நிர்வாகம் அனுமதித்தது. டர்ன்பைக் பல ஆண்டுகள் கடன் வாங்கிக் கொட்டியதும் இதே மாதிரி மூலதனத் தேவைகளுக்குத்தான்.

அந்த அனுமதி இரண்டு ஆண்டுக்கு மட்டும். 2025 நவம்பரில் கையெழுத்தான மாநில பட்ஜெட்டில் பொதுப் போக்குவரத்துக்கு நிலையான புது வருமானம் எதுவும் வரவில்லை. 2027இல் சட்டசபை மறுபடி பணம் தேடும்போது டர்ன்பைக்கிடம் போக முடியாது. அதன் வசூல் ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது.